ரேடியேட்டர் மூடிக்கும் ஒரு கேஸ்கெட் இருக்கிறது! - மலையேறும் பழைய கேம்பர் வேன்களும் கூலன்ட் கசிவும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் மலைப்பாதையில், கோடை விடுமுறை நாள்களில் தவறாமல் கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு. பர்லியாறு பழக்கடைகளைத் தாண்டி, ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவின் ஓரத்தில் பழைய வேன் ஒன்று நிற்கும். பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்திருப்பார்கள். முன்பக்கத்திலிருந்து ஆவி புகைந்துகொண்டிருக்கும். அப்பா கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். பாட்டி தடுப்புச் சுவரில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் குரங்குக்குப் பயந்து சிப்ஸ் பாக்கெட்டை ஒளித்துக்கொண்டிருப்பார்கள். "ஹீட் ஆயிடுச்சு... கொஞ்சம் தண்ணி ஊத்தினா சரியாயிடும்" என்பார் யாராவது ஒருவர்.

அதே மலையில், சற்றுத் தள்ளி, பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் நீராவி ரயிலும் வழியில் நின்று தண்ணீர் பிடித்துக்கொள்ளும். ஆனால், அது தண்ணீரைக் கொதிக்கவைத்து ஓடும் எஞ்சின். வேன் எஞ்சினில் தண்ணீர் கொதித்தால் ஆட்டம் க்ளோஸ்!

பழைய ஆம்னியையோ, டெம்போ டிராவலரையோ செகண்ட் ஹேண்டில் வாங்கி, உள்ளே மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, சிங்க், தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து 'கேம்பர் வேன்' ஆக்கிக்கொள்ளும் ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. (மாற்றங்களை ஆர்.டி.ஓ அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி-யில் ஏற்றினார்களா என்பது தனிக்கதை. அதை இன்னொரு வாரம் பார்க்கலாம்.) ஆம்னி 1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்து, 2019-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. ஆக, இன்று கைமாறுகிற எந்த ஆம்னியும் பழைய வண்டிதான். அதற்குள் இருப்பது 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின். அதன் முதுகில் 100 லிட்டர் டேங்க்கை ஏற்றினால், அந்தத் தண்ணீரே 100 கிலோ. கூடவே பிளைவுட், மெத்தை, பேட்டரி, கேஸ் சிலிண்டர், அப்புறம் குடும்பம்.

தினமும் ஓடும் டாக்ஸிக்கு இல்லாத ஒரு நோய் இந்த வேன்களுக்கு உண்டு. வருடத்தில் பத்து மாதம் வீட்டு வாசலில் சும்மா நிற்கும். ரப்பர் ஹோஸ்கள் இறுகி வெடிப்பு விடும். வாட்டர் பம்ப்பின் சீல் காய்ந்துபோகும். கிளிப்புகள் துருப்பிடிக்கும். பிறகு ஒரு நாள் விடியற்காலையில் முழுச் சுமையோடு நேராக மலைக்கு விரட்டப்படும். மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் ஊட்டி. ஏற வேண்டிய உயரமோ கிட்டத்தட்ட 1,900 மீட்டர். கசிவு அன்றைக்குப் பிறந்ததாக இருக்காது. மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது, அன்றைக்குத்தான் மாட்டிக்கொண்டிருக்கும்.

குக்கர் கணக்கு

ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நேரம் இழுத்துக்கொண்டே போகும். காரணம், உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைகிறது. தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். அதனால்தான் அங்கே குக்கர் இல்லாமல் சமையல் இல்லை.

வேனின் கூலிங் சிஸ்டமும் ஒரு குக்கர்தான். ரேடியேட்டர் மூடியில் ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் இருக்கும். உள்ளே உருவாகும் அழுத்தத்தை அது பிடித்துவைத்துக்கொள்ளும். மூடியின் மேலேயே 0.9 என்றோ 1.1 என்றோ பொறித்திருப்பார்கள். அது எத்தனை பார் அழுத்தம் வரை தாங்கிப் பிடிக்கும் என்பதற்கான எண். 0.9 மூடி ஒழுங்காக வேலை செய்தால், ஊட்டியில்கூட வெறும் தண்ணீர் 115 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி மேலே போகும்.

இப்போது மூடியின் ரப்பர் வெடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அல்லது ஹோஸ் முனையில் மெல்லிய கசிவு. அழுத்தம் நிற்காது. ஊட்டி உயரத்தில் 93 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். பெரும்பாலான எஞ்சின்கள் சாதாரணமாக ஓடும் சூடே 90 டிகிரியை ஒட்டித்தான். அதாவது, எஞ்சினில் வேறு எந்தக் கோளாறும் இல்லாமலேயே, ஒரு ரப்பர் வளையத்துக்காக வண்டி மலை உச்சியில் கொதிக்கும். கோயம்புத்தூர் சாலைகளில் மாதக்கணக்கில் ஒரு தொந்தரவும் தராத வண்டி, குன்னூர் தாண்டியதும் புகைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் குக்கர் விசில் வராவிட்டால் முதலில் எதைப் பார்ப்போம்? கேஸ்கெட்டை. வேனில் மட்டும் ஏனோ மூடியைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். மொத்த கூலிங் சிஸ்டத்திலும் மலிவான பொருள்களில் ஒன்று அதுதான். மாற்றும்போது அதே எண் உள்ள மூடியையே வாங்க வேண்டும். 'பெரிய நம்பர் போட்டா இன்னும் நல்லது' என்று அதிக அழுத்த மூடியை மாட்டினால், பழைய ஹோஸ் எங்காவது வாயைப் பிளக்கும்.

மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. எஞ்சின் ஆறும்போது, பக்கத்திலிருக்கும் ரிசர்வ் பாட்டிலிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்ச வழிவிட வேண்டும். அந்த வால்வு ஒட்டிக்கொண்டால், பாட்டில் நிறைய கூலன்ட் இருக்கும், ரேடியேட்டரோ காலியாகிக்கொண்டிருக்கும். பாட்டிலைப் பார்த்துத் திருப்தியாகக் கிளம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். எஞ்சின் முழுக்க ஆறிய காலை நேரத்தில் ரேடியேட்டர் மூடியையே திறந்து, கழுத்து வரை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால், அதுவும் மூடியைத்தான் காட்டிக்கொடுக்கிறது.

போர்வெல் தண்ணீர் செய்யும் வேலை

"நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்ற கேள்வி ஒர்க் ஷாப் வாசல்களில் இன்னமும் கேட்கிறது. உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலை மட்டுமே. கொதிநிலையை உயர்த்துவதும், உள்ளே இருக்கும் அலுமினியம், இரும்பு, பித்தளை எல்லாவற்றையும் அரிப்பிலிருந்து காப்பதும் நம் ஊருக்கான வேலைகள். சரிபாதி கூலன்ட், சரிபாதி தண்ணீர் கலவை, மூடி அழுத்தம் இல்லாமலேயே சுமார் 107 டிகிரி வரை கொதிக்காது.

தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டும்போது என்ன நடக்கிறது? ஒவ்வொரு முறையும் கலவை நீர்த்துப்போகிறது. கூடவே, போர்வெல் தண்ணீரிலுள்ள உப்பு உள்ளே போகிறது. குளியலறை ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படியும் அதே உப்புதான், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. வெப்பம் வெளியேறுவது குறைகிறது. அலுமினிய ஹெட்டில் அரிப்பு தொடங்குகிறது. முதலில் ஒரு கிளிப் இறுக்கினால் தீர்ந்திருக்கும் கசிவு, இரண்டு வருடத் தண்ணீர் பழக்கத்துக்குப் பிறகு ரேடியேட்டரையே மாற்றச் சொல்லும்.

கூலன்ட் விஷயத்தில் உலகம் முழுக்க அடிபட்டுப் பாடம் படித்த கேம்பர் வேன் ஒன்று இருக்கிறது. ஃபோக்ஸ்வேகனின் T3. அமெரிக்காவில் இதை வனகன் என்பார்கள். 1979-ல் காற்றால் குளிரும் எஞ்சினோடு வந்து, 80-களின் தொடக்கத்தில் தண்ணீரால் குளிரும் 'வாஸர்பாக்ஸர்' எஞ்சினுக்கு மாறியது. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். இரண்டையும் இணைக்க வண்டியின் அடிவயிற்றில் நீண்ட குழாய்கள். மொத்தம் 16 லிட்டருக்கும் மேல் கூலன்ட் பிடிக்கும். அந்த எஞ்சினின் அலுமினிய ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே, கூலன்ட்டைத் தடுத்து நிறுத்துவது ஒரு ரப்பர் கேஸ்கெட். பொருந்தாத கூலன்ட்டையோ, காலாவதியான கூலன்ட்டையோ வைத்து ஓட்டிய வண்டிகளில், அந்த ரப்பர் உட்காரும் இடத்தில் அலுமினியம் குழி குழியாக அரித்துப்போனது. ரப்பரைப் புதிதாக மாற்றினாலும், குழி விழுந்த இடத்தில் கசிவு நிற்கவில்லை. ஃபாஸ்பேட் இல்லாத கூலன்ட்தான் ஊற்ற வேண்டும் என்பது அந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்று மனப்பாடம். பிளாஸ்டிக்கில் இருந்த அடிவயிற்றுக் குழாய்களை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிக்கொண்டவர்களும் நிறைய பேர்.

நம் ஊர் வேனுக்கும் அதே கேள்விதான். பச்சையா, சிவப்பா, ஆரஞ்சா என்று நிறத்தைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியின் கையேடு எந்த வகையைச் சொல்கிறதோ அதுதான். ஏற்கெனவே உள்ளே இருப்பது எது என்று தெரியாத செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால், பழையதை முழுக்க வடித்து, கழுவி, புதிதாக ஊற்றுவது உத்தமம். வெவ்வேறு வகைகளைக் கலந்தால் சில நேரம் குழகுழவென்று திரண்டு குழாயை அடைக்கும். 'ரெடி டு யூஸ்' என்று போட்டிருந்தால் அப்படியே ஊற்றலாம். 'கான்சென்ட்ரேட்' என்றால் டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். பேட்டரிக் கடையில் கேட்டாலே கிடைக்கும். ஆசிட் கேனைத் தூக்கிக் கொடுத்துவிடாமல் லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அட்டைப்பெட்டித் துப்பறிவு

வேனுக்கு அடியில் ஈரம் தெரிந்தால் உடனே கூலன்ட் என்று பதற வேண்டாம். கேம்பர் வேனில் மூன்று இடத்திலிருந்து நீர் சொட்டலாம். ஏ.சி-யிலிருந்து வருவது நிறமில்லாத, வாசனையில்லாத சுத்தமான தண்ணீர். சிங்க்கின் கழிவு டேங்க்கிலிருந்து வந்தால் சோப்பு நாற்றமும் சாம்பார் நாற்றமும் சேர்ந்து அடிக்கும். கூலன்ட் என்றால் நிறம் இருக்கும், விரலில் வழுவழுப்பாக இருக்கும், இனிப்பான ஒரு வாடை வரும். ஃப்ரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, இரவு வண்டிக்கு அடியில் விரித்துவையுங்கள். காலையில் எந்த இடத்தில், என்ன நிறத்தில் கறை விழுந்திருக்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

அட்டை காய்ந்திருந்தும் கூலன்ட் குறைகிறதா? சில கசிவுகள் எஞ்சின் சூடாகி, அழுத்தம் ஏறினால்தான் தலைகாட்டும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு அப்படிப்பட்ட இடம். அங்கேயும், ஹோஸ் முனைகளிலும் உப்புப் பூத்தாற்போல வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால், சொட்டி, சூட்டில் காய்ந்துபோன கூலன்ட் அது. எஞ்சின் ஆறியபின் ஹோஸை அழுத்திப் பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினாலும் தவறு, கட்டை மாதிரி இறுகியிருந்தாலும் தவறு.

வாட்டர் பம்ப்பின் அடியில் சின்னத் துளை ஒன்று இருக்கும். பம்ப்பின் சீல் தேய்ந்தால் வெளியே காட்டிக்கொடுக்கவே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். அதில் பசை வைத்து அடைக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. அடைத்தால், கசியும் கூலன்ட் பேரிங் பக்கம் போகும். பம்ப் நடுவழியில் இறுகும்.

ஒர்க் ஷாப்பில் 'பிரஷர் டெஸ்ட்' என்று கேட்டால், மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்ப்பை மாட்டி, எஞ்சினை ஓட்டாமலேயே அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். முள் இறங்கினால் கசிவு உறுதி. வெளியே எங்கேயும் ஈரமில்லாமல் முள் மட்டும் இறங்கினால், ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வர வேண்டும். சைலன்ஸரில் நிற்காமல் வெள்ளைப் புகை, டிப்ஸ்டிக்கில் பால் கலந்த டீ நிறத்தில் ஆயில், ஓடும்போது ரேடியேட்டரில் குமிழ் குமிழாகக் காற்று ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் புத்தி. ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்து, கேஸ்கெட் மாற்றும் வேலையை மலைப்பாதையில் யாரும் செய்து தர மாட்டார்கள்.

வளைவில் நின்றுவிட்டால்...

டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியதுமே ஏ.சி-யை அணைக்க வேண்டும். ஹீட்டர் உள்ள வண்டியென்றால் அதை முழு வேகத்தில் திறந்துவிடலாம். வேர்த்துக் கொட்டும், ஆனால், எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியே போகும். ஆவி தெரிந்தாலோ, இனிப்பு வாடை வந்தாலோ, அடுத்த வளைவு வரை இழுக்கக் கூடாது. பாதுகாப்பான ஓரம் கிடைத்ததும் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால், ஆவி கால் பக்கமே வரும். எல்லோரையும் இறக்கிவிட்டு, கதவுகளைத் திறந்து வையுங்கள். அவசரப்பட்டு சீட்டைத் தூக்காதீர்கள்.

முள் திடீரென்று கீழே இறங்கினால் சந்தோஷப்பட வேண்டாம். சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். கூலன்ட் மொத்தமும் வெளியேறிவிட்டால், முள் அப்பாவியாக நடுவில் நிற்கும். எஞ்சின் அதற்குள் வெந்துகொண்டிருக்கும்.

அடுத்ததுதான் ஆபத்தான கட்டம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 100 டிகிரிக்கு மேல் இருக்கும் நீர், அழுத்தம் விலகிய அந்த நொடியில் ஆவியாகி முகத்தில் பீய்ச்சும். ஆவி அடங்காத குக்கரைத் திறப்பதும் இதுவும் ஒன்றே. குறைந்தது அரை மணி நேரம். மேல் ஹோஸைத் தொட்டு, கை தாங்கும் சூடு வந்த பிறகு, தடித்த ஈரத்துணியை மூடிமேல் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, முதல் திருப்பில் நிறுத்தி, 'உஸ்' சத்தம் அடங்கியபின் முழுக்கத் திறக்கலாம். உடனே ஜில்லென்ற தண்ணீரைக் கொட்டினால் சூடான ஹெட் வளைந்துபோகலாம், வெடிப்பும் விடலாம். ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அந்த நேரத்தில் கேன் தண்ணீரோ, குழாய்த் தண்ணீரோ, எது கிடைத்தாலும் ஊற்றி மெக்கானிக் இருக்கும் இடம்வரை மெதுவாகப் போகலாம், தவறில்லை. ஊர் திரும்பியபின் அதை வடித்துவிட்டுக் கூலன்ட் மாற்றுவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டுக் கசிவை அடைக்கும் லாரிக்காரர்கள் வைத்தியம் ஒன்று உண்டு. சின்ன ஓட்டை என்றால் அது தற்காலிகமாக அடைக்கவும் செய்யும். ஆனால், ஓட்டை எது, குழாய் எது என்று மஞ்சள்தூளுக்குத் தெரியாது. பழைய ரேடியேட்டரின் குறுகிய குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடும். பாட்டிலில் விற்கும் 'ஸ்டாப் லீக்' மருந்துகளையும் வீடு வந்து சேர்வதற்கான கட்டாக மட்டுமே பார்க்க வேண்டும். 'ஹீட் ஆகுதா, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடலாம் சார்' என்ற யோசனையையும் பணிவாக மறுத்துவிடலாம். சில எஞ்சின்களில் அதைக் கழற்றினால், கூலன்ட்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். ஏற்றத்தில் சூடு குறைவதற்குப் பதில் கூடும்.

வாசலில் ஒரு சொட்டு

இது எஞ்சினைவிட முக்கியமான விஷயம். கூலன்ட்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைகால். சுவை இனிப்பு, உள்ளே போனால் விஷம். போர்ட்டிகோவில் தேங்கிய கூலன்ட்டை நாயோ பூனையோ நக்கிவிடும். தொடக்கத்தில் போதை ஏறியதுபோலத் தள்ளாடும். பிறகு சிறுநீரகம் செயலிழக்கும். குழந்தைகளுக்கும் இதே ஆபத்துதான். மிச்சமான கூலன்ட்டை ஜூஸ் பாட்டிலிலோ, தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றிவைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பச்சையாக, சிவப்பாக, பார்க்க சர்பத் மாதிரியே இருக்கும் திரவம் அது. வாங்கிய கேனிலேயே, கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சிந்தினால் மண்ணோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தை நிறைய தண்ணீர்விட்டுக் கழுவ வேண்டும். யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், கேனையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கசிவைச் சரிசெய்தபின் கூலன்ட் நிரப்புவதிலும் அவசரம் கூடாது. சீட்டுக்கு அடியில் எஞ்சின் உள்ள வேன்களில் ஹோஸ்கள் ஏறி இறங்கிப் போவதால், நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். வண்டியின் மூக்கு சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, மெதுவாக ஊற்றி, எஞ்சினை ஐடிலில் ஓடவிட வேண்டும். மேல் ஹோஸ் சூடாகி, குமிழ் வருவது நின்றதும் மேலும் நிரப்பி மூடலாம். மறுநாள் காலையில் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த ஒரு முறை இறங்குவது இயல்பு. நிரப்பிவிட்டு, ரிசர்வ் பாட்டிலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதிவிடுங்கள். அடுத்தடுத்த வாரங்களில் கோட்டுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால், கசிவு இன்னும் இருக்கிறது.

பயண நாளன்று ஏற்றம் தொடங்கும் முன், கல்லாறில் பத்து நிமிடம் நிறுத்தலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த சூட்டில் எஞ்சின் முழு அழுத்தத்தில் இருக்கும். மூடியைத் தொட வேண்டாம். குனிந்து அடியில் பார்த்தால் போதும். புதிய சொட்டு எதுவும் இல்லையென்றால் டீயைக் குடித்துவிட்டு ஏறலாம். இருந்தால், மேட்டுப்பாளையம் ஒர்க் ஷாப்கள் அங்கிருந்து ரொம்ப தூரமில்லை, இறக்கம்தான்.